காதில் எழுதிய அக்கி

நடத்துனருக்கு வாய்தான் மூலதனம். கை தோல்பையில் இருக்கும், கால் படிக்கட்டில் இருக்கும். வண்டியை நிறுத்துவதும் கிளப்புவதும் வாயில் இருக்கிற விசில்தான். உத்திரமேரூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பேருந்தில் பல வருஷம் நான் இந்த வாயை வைத்துத்தான் பிழைத்தேன். என் வாய்க்குப் பயந்தே சரியான சில்லறையோடு ஏறுகிற ஆட்கள் இருந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, சொல்வதற்கென்ன.

முதலில் வலித்தது வலது காது. மார்கழிப் பனியில் படிக்கட்டில் நின்றுகொண்டு வந்தால் ஏரிக்காற்று காதில் புகத்தான் செய்யும் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே மருந்துக்கடையில் சொன்னேன். காதுக்குச் சொட்டு மருந்தும் வலிக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். பஞ்சை வைத்து மப்ளரைச் சுற்றிக்கொண்டு டூட்டி பார்த்தேன். ஆனால் அது சாதாரணக் காதுவலி இல்லை. உள்ளே சூடான கம்பியை விட்டு யாரோ நிதானமாகத் திருகுகிற மாதிரி இருந்தது. எங்கள் வண்டியின் டிரைவர் என்னைவிட வயதில் மூத்தவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னாபா, புதுப் பொண்ணு மாரி முக்காடு போட்டுக்கினு வர்ற?" என்று சிரித்தார். பதிலுக்கு அவரை நான்கு வார்த்தை சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான்.

வீட்டில் என் மனைவி மப்ளரை அவிழ்த்து, காதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். காது மடலிலும் உள்ளே துவாரத்தின் ஓரத்திலும் நீர்கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக இருந்தன.

"யோவ், இது அக்கிதான்யா. காத்தும் இல்ல, ஒண்ணியும் இல்ல. எனக்கு இடுப்புல வந்துச்சே, அதே தான்."

அவளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடுப்பைச் சுற்றி வந்திருந்தது. பக்கத்து ஊர்க் குயவர் வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வந்தாள். காய்ந்து உதிர்ந்தது. தழும்புகூட இல்லை. அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

எங்கள் பக்கத்தில் அக்கியை யாரும் வியாதிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கு ஆஸ்பத்திரி கிடையாது, எழுதத்தான் வேண்டும். பொழுது விடிவதற்கு முன்னால், தொடர்ந்து மூன்று காலை. குயவர் காவியைக் குழைத்துக் கொப்புளம் வந்த இடத்தின் மேல் சிங்கத்தின் உருவம் எழுதுவார். எழுதி முடிகிற வரைக்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கறி மீன் கூடாது, வீட்டில் தாளிக்கக் கூடாது. இங்கிலீஷ் மருந்து வாயில் படவே கூடாது. பட்டால் அக்கி வெளியே வராமல் உள்ளே இறங்கிவிடும் என்பார்கள். என் மனைவி சொட்டு மருந்தையும் மாத்திரையையும் எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

குயவர் அறுபது வயசைத் தாண்டிய மனிதர். சாணம் தெளித்த வாசலில் கிழக்குப் பார்த்து ஒரு மணை போட்டிருந்தார். கொட்டாங்கச்சியில் காவி, அதில் ஓர் இறகு.

"உக்காரு நைனா. காதுல வந்ததா? ரொம்ப எரியுதா?"

"எரியறதுக்கு மேல கீதுங்க."

"கொறைஞ்சிடும். பயப்படாத."

காதுக்கு மேல் சிங்கத்துக்கு இடம் போதவில்லை. தலையைக் கன்னத்தில் எழுதி, உடம்பைக் காதைச் சுற்றி ஓட்டி, வாலைக் கழுத்தில் முடித்தார். குளிர்ந்த காவி பட்டதும் வலி ஒரு நிமிஷம் அடங்கியது, அதைப் பொய்யென்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு நிமிஷத்தை நம்பித்தான் எல்லாம் நடந்தது. வெற்றிலை பாக்கும் பழமும் வைத்தோம். வேறு எதுவும் அவர் வாங்கவில்லை. அவர் யாரையும் ஏமாற்றுகிறவர் இல்லை.

காவி முகத்தோடு டூட்டிக்குப் போனேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கண்டக்டர் எந்தக் கட்சி என்றார் ஒருவர். சிங்கமா நாயா என்றார் இன்னொருவர். எனக்கே கண்ணாடியில் நாய் மாதிரிதான் தெரிந்தது. சிரித்துச் சமாளித்தேன்.

இரண்டாம் காலை எழுதிவிட்டு வந்த அன்று, முதல் டிரிப்பில், ஒரு கூட்டு ரோட்டில் கீரைக்கூடைக்கார அம்மா இறங்க எழுந்து நின்றார். விசிலை வாயில் வைத்து ஊதினேன். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. விசிலுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது என்று உதறித் துடைத்துவிட்டு மறுபடி ஊதினேன். எச்சில் தாடையில் வழிந்து சட்டையில் சொட்டியது. வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. கீரைக்கார அம்மா, "இன்னாயா, எங்கள எங்க இட்டுக்கினு போற?" என்று கத்தினார். கடைசியில் கையால் தகரத்தைப் பட்பட்டென்று தட்டித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

டிரைவர் அண்ணன் திட்டத்தான் இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது.

"உன் வாய் கோணிக்கினு போவுதுபா."

"சும்மா இருண்ணே."

"கண்ண மூடு, பாக்கலாம்."

"மூடிட்டேன்."

"மூடலபா. வலது கண்ணு தொறந்துக்கினே கீது."

நான் மூடித்தான் இருந்தேன், அதாவது மூடச் சொல்லி உள்ளேயிருந்து உத்தரவு போட்டாகிவிட்டது. ஆனால் அவர் நிற்பதும், அவருக்குப் பின்னால் வயலும், எல்லாம் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் முதல் முறையாகப் பயந்தேன்.

காஞ்சிபுரம் போனதும் நேரே ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுகிறேன் என்றார் அவர். இன்னும் ஒரு காலை பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். பயந்தவன் புதிதாக எதையும் செய்ய மாட்டான். பாதியில் இருப்பதைத்தான் முடிக்கப் பார்ப்பான். வீட்டில் மனைவி என் முகத்தைப் பார்த்து அழுதாள். அழுதுகொண்டே, "பாதியில வுட்டா அக்கி கோச்சிக்கும். நாளிக்கு எழுதிக்கினு வா, அப்புறம் நீ எங்க சொல்றியோ அங்க போலாம்" என்றாள். அவள் வாய் அதைச் சொல்லாவிட்டாலும் நான் போயிருப்பேன்.

மூன்றாம் காலை குயவர் என் முகத்தைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு இறகைக் காவியில் தோய்த்தார். தொங்கிப்போன கன்னத்தில் இறகு வழுக்கி, சிங்கத்தின் முகமும் கோணலாகத்தான் வந்தது. அன்றைக்கு வாந்தியும் தலைசுற்றலும் சேர்ந்துகொண்டன. கட்டிலில் படுத்தால் வீடு சுற்றியது, எழுந்து நின்றால் தரை வலது பக்கமாகச் சாய்ந்தது. மறுநாள்தான் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டரம்மா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் காதைத் துடைத்தார். பஞ்சு சிவப்பாக வந்ததும் ஒரு கணம் ரத்தம் என்று நினைத்துவிட்டார் போல.

"காவிங்க," என்றேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுகிற டாக்டர் என்றால் பிழைத்துக்கொள்வோம் என்று ஒரு தைரியம் வரும்.

"சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?"

"போட்டுதுங்க."

"அந்தக் கிருமி போகல. நரம்புக்குள்ளயே தூங்கிட்டு இருந்துச்சு. இப்ப முழிச்சு, காதுக்கும் முகத்துக்கும் போற நரம்பைப் புடிச்சிருக்கு."

இத்தனை வருஷமும் டிக்கெட் எடுக்காமல் ஒருத்தன் என்னோடேயே வந்திருக்கிறான். வண்டியில் ஏறிய ஆளை இறங்குவதற்குள் பிடித்துவிடுகிறவன் என்று பேர் வாங்கியவன் நான்.

"இதுக்கு மாத்திரை இருக்கு," என்றார் டாக்டரம்மா. "கொப்புளம் வந்து மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சா நரம்பை நிறையவே காப்பாத்தலாம்."

அந்த மூன்று நாளும் நான் எங்கே இருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. பஞ்சு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "எனக்கு இடுப்புல வந்தப்ப எழுதினதும் போயிடுச்சே டாக்டர்," என்றாள்.

"இடுப்புல வந்தா எழுதினாலும் போகும், எழுதாட்டியும் போகும்மா. பெரும்பாலும் தானாவே ஆறிடும். காதுல வந்தா அப்படி விட முடியாது."

"இப்ப மாத்திரை குடுத்தா?"

"குடுக்கறேன். குடுக்காம விடறதைவிட குடுக்கறது நல்லது. ஆனா..."

அந்த "ஆனா"வுக்குப் பிறகு அவர் சீட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார். ஊரில் வண்டியை விட்டு இறங்கும்போது மனைவி, "என்னோடது போனதால தானே உன்ன இட்டுக்கினு போனேன்," என்றாள். அவளை நான் என்ன சொல்ல? திட்டுவதில் பேர் போனவன் நான், ஆனால் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அவளைத் திட்டினால் அவள் இடுப்பு ஆறியதைத் திட்ட வேண்டும். குயவரைத் திட்டினால் காசு வாங்காமல் நல்லது செய்ய நினைத்ததைத் திட்ட வேண்டும்.

மாத்திரை ஒரு நாளைக்கு ஐந்து வேளை. காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளைதான் எங்களுக்குத் தெரியும். ஐந்து வேளை மருந்தை எங்கள் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கூடவே வீக்கம் குறைய வேறு மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, ராத்திரி மூடாத கண்ணின் மேல் ஒட்டிக்கொள்ளப் பிளாஸ்திரி. டிரைவர் அண்ணன் பார்க்க வந்தவர் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"இந்த மாத்திரைய நான் பாத்துக்கறேன்," என்றார்.

எங்கள் வீடு ரோட்டோரம். மறுநாளிலிருந்து வண்டி போகும்போதும் வரும்போதும் வாசலுக்கு நேரே நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். மாத்திரை ஹாரன். அதற்கேற்ற மாதிரி வேளையை நானும் மாற்றிக்கொண்டேன். கடைசி வேளைக்கு வண்டி கிடையாது, அதற்கு என் மனைவி. வேடிக்கை என்னவென்றால், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற பேச்சு இப்போதெல்லாம் வலது காதில் விழாது. ஹாரன் மட்டும் உள்ளே போய் மண்டையில் இடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மாத்திரையைப் போடுவேன். அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை. ஒரு வேளைகூடத் தவறவில்லை. மாத்திரை தீர்ந்த பிறகும் அவர் ஹாரன் அடித்துக்கொண்டேதான் இருந்தார், நிறுத்தச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

கொப்புளம் ஆறியது. வலியும் மெல்லப் போனது. முகம் வரவில்லை, காதும் வரவில்லை, கண்ணை மூடினால் தரை இன்னும் வலது பக்கம் சாய்ந்தது. காலையிலும் மாலையிலும் கண்ணாடி முன் உட்கார்ந்து புருவத்தைத் தூக்கு, மூக்கைச் சுருக்கு, கன்னத்தை உப்பு என்று சொல்லிக்கொடுத்த பயிற்சியெல்லாம் செய்தேன். இடது பக்கம் எல்லாவற்றையும் செய்யும். வலது பக்கம் பக்கத்து வீட்டுச் சண்டையைப் பார்க்கிற மாதிரி சும்மா இருக்கும். சில மாதம் கழித்து வாயோரம் லேசாக அசைந்தது. மனைவி ஓடிவந்து பார்த்தாள், சந்தோஷத்தில் பாயசம்கூட வைத்தாள். அசைவு அத்தோடு நின்றுபோனது. பாயசத்தின் ருசியும் பாதி நாக்குக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் புதிதாக ஒன்று ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தால் வலது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பழுதான நரம்பு திரும்ப முளைக்கும்போது இடம் மாறிப் போய்ச் சேர்ந்துவிடுமாம். ஒரு கல்யாணப் பந்தியில் எதிரே இருந்தவர், "எதுக்கு நைனா அழுவுற?" என்று கேட்டார். கத்தரிக்காய்க் கொத்சுக்காக யாராவது அழுவார்களா? விளக்கிச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். இப்போது வீட்டில் எல்லாருக்கும் பழகிவிட்டது. அதனால் நான் நிஜமாகவே அழுகிறபோதும் ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. நான் அழுகிறேன். சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

வண்டியில் என் இடத்தில் வேறு ஆள் போட்டிருந்தார்கள். முதலாளி கெட்டவர் இல்லை. பார்க்கப் போனபோது உட்காரவைத்து நாஷ்டா வாங்கிக் கொடுத்தார். வாயிலும் கண்ணிலும் வழியப் போகிறதே என்று நான் சாப்பிடவில்லை. "நீ டூட்டி பாக்கலாம்னு டாக்டர் கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கினு வந்துடு. அந்த எடம் உன்னோடது தான்," என்றார். விசிலுக்குப் பதிலாகக் கயிறு இழுத்தால் அடிக்கிற மணி ஒன்று மாட்டித் தருவதாகவும் சொன்னார். அன்றைக்கு வீடு திரும்பும்போது எனக்கு நடையே வேறாக இருந்தது. மணி இருந்தால் போதும், வாய் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் செங்கல்பட்டுக்குப் புறப்பட்டேன். டிரைவர் அண்ணன் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

முதலில் காதுப் பரிசோதனை. ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னாள் ஒரு பெண். இடது காதுக்கு ஒழுங்காக அமுக்கினேன். வலது காதுக்கு வந்தபோது எதுவும் கேட்கவில்லை. எத்தனை நேரத்துக்கு ஒரு முறை சத்தம் வரும் என்று குத்துமதிப்பாக ஒரு கணக்கு வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தேன். திருட்டுப் பயணம் செய்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிமிர்ந்து பார்த்தபோது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

அப்புறம் டாக்டரம்மா முன்னால் நின்று சர்டிபிகேட் கேட்டேன்.

"ரெண்டு காலையும் சேர்த்து வச்சு, கண்ணை மூடிட்டு நில்லுங்க."

மூடினேன். இடது கண் இருட்டியது. வலது கண்ணுக்குக் கொஞ்சம் திறப்பு மிச்சமிருந்தது. அந்தத் திறப்பு வழியே டாக்டரம்மாவின் கை தெரிந்தது. தயாராக, என்னைப் பிடிக்கிற மாதிரி, முன்னால் நீட்டி வைத்திருந்தார். நான் சாய்வதற்கு முன்பே அந்தக் கை அங்கே இருந்தது.

சாய்ந்தேன். பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி நிக்கிறேம்மா."

"வேணாம். ஓடற வண்டியில எப்படி நிப்பீங்க?"

"கம்பி கீதும்மா."

"கம்பியைப் புடிச்சா டிக்கெட் எப்படிக் குடுப்பீங்க? வலது பக்கம் ஒரு கொழந்தை படிக்கட்டுல நின்னுட்டு கத்தினா எப்படிக் கேப்பீங்க?"

சர்டிபிகேட் என்ற வார்த்தையை இரண்டு பேருமே அதற்கப்புறம் எடுக்கவில்லை. அத்தோடு வெளியே வந்திருக்கலாம். எனக்குக் கால் வரவில்லை.

"அந்த அஞ்சு வேளை மாத்திரைய இன்னொரு வாட்டி எழுதிக் குடுங்கம்மா," என்றேன். "இந்த வாட்டி நீங்க இன்னா பத்தியம் சொல்றீங்களோ அப்படியே இருக்கேன். வேற எங்கியும் போ மாட்டேன்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"அந்தக் கிருமி எப்பவோ அடங்கிடுச்சுங்க. மாத்திரை அதைத்தான் அடக்கும். அது கெடுத்துட்டுப் போனதுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். மரத்தடியில் நின்றிருந்த அண்ணன் அவசரமாக வந்து என் வலது பக்கம் சேர்ந்துகொண்டு, நடந்தபடியே ஏதோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை; ஆனால் என்ன கேட்டிருப்பார் என்று தெரியாதா? அந்தக் காது போனதிலிருந்து எனக்கு ஓர் உதவியும் செய்ததில்லை. அன்றைக்குச் செய்தது. அவர் மறுபடியும் கேட்டார். நான் உத்திரமேரூர் வண்டி வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.